டேட் தாண்டிய இரண்டாவது பிள்ளை: நோவு வர மருந்து வைத்த அனுபவம்

சித்தியின் மகள், என் தங்கச்சி, ஒரு கிழமையாக ஒவ்வொரு ராத்திரியும் எனக்குக் கோல் எடுக்கிறாள். அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை. 40 கிழமை முடிந்தும் நோவு வரவில்லை. மருந்து வைத்து நோவை வரவைக்க, வாற செவ்வாய்க்கிழமை வந்து வாட்டில் சேரச் சொல்லி கிளினிக் கார்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அக்கா, மருந்து வெச்சா நோவு தாங்க ஏலாதாமே, உண்மையா?" என்று கேட்கிறாள். பக்கத்து வீட்டார் சொன்னது, பஸ்ஸில் யாரோ சொன்னது எல்லாம் சேர்ந்து அவளுக்கு நித்திரை இல்லை. போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன், அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம், அம்பிளாந்துறைக்குக் கிட்ட. மூத்தவள் 2012 இல் பிறந்தாள், அப்போது வாவியைக் கடக்க மண்முனைப் பாலம் இல்லை, அது திறந்தது 2014 இல். இரவு ஒன்பது மணிக்கு நோவு தொடங்கி, பாதை (ஆட்களை ஏற்றிக் கடத்துகிற மிதவைப் படகு) ஓடுகிற நேரம் முடிந்து போனதால் தோணியில் வாவியைக் கடந்து, அக்கரையில் ஓட்டோ பிடித்துப் போனோம். மொத்தம் பதினாலு மணித்தியாலம். பயந்தேன்தான், ஆனால் அந்த நோவு தானாக வந்து தானாகக் கூடியது. மெல்ல முதுகில் தொடங்கி, விட்டு விட்டு வந்து, அடுத்த படிக்குப் போக என் உடம்புக்கு நேரம் கொடுத்தது. அதனால் 2018 இல் இரண்டாவது வயிற்றில் இருந்தபோது இதுவும் அப்படித்தான் வரும், முந்தியதை விடக் கெதியாக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. கார்டில் எழுதிய நாள் போனது, அடுத்த நாளும் போனது. மாமி ஆமணக்கெண்ணெய் குடிக்கச் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா அன்னாசிப்பழம் கொண்டு வந்தார். ஆமணக்கெண்ணெயை நான் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள். அது வயிற்றைக் கலக்கி, வாந்தியும் வயிற்றோட்டமுமாக உடம்பில் இருக்கிற தண்ணீரை எல்லாம் எடுத்துவிடும். நோவு எடுக்கப் போகிற உடம்புக்கு அந்தத் தண்ணீர் தேவை.

இதில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது, டேட் உண்மையிலேயே தாண்டியிருக்கிறதா என்பது. எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை, கடைசியாக எப்போது வந்தது என்று மிட்வைஃப் மிஸ் கேட்டபோது ஒரு குத்துமதிப்பாகத்தான் சொன்னேன். நல்ல வேளையாக பதினோராவது கிழமையில் ஒரு ஸ்கேன் செய்திருந்தேன். ஆரம்பத்தில் எடுக்கிற அந்த ஸ்கேன் சொல்லுகிற கிழமைக் கணக்கைத்தான் நம்பலாம். ஏழாம் எட்டாம் மாதத்தில் எடுக்கிற ஸ்கேனில் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, அதை வைத்து டேட்டை மாற்ற முடியாது. அந்த ஒரு துண்டு ரிப்போர்ட்டைத் தொலைக்காமல் கார்டுக்குள் வைத்திருந்ததால்தான் டொக்டர் தயங்காமல் 41 கிழமையில் மருந்து வைப்பது என்று முடிவெடுத்தார்.

ஏன் 41? உலக சுகாதார நிறுவனமும், கிழமைக் கணக்கு நிச்சயமாகத் தெரிந்த தாய்க்கு 41 கிழமை முடிந்தால் நோவை வரவைக்கச் சொல்லித்தான் பரிந்துரைக்கிறது. நச்சுக்கொடி ஒன்பது மாதம் உழைத்த பொருள், நாள் கூடக் கூட அதன் வேலை குறையலாம், வயிற்றுக்குள்ளேயே பிள்ளை இறக்கிற ஆபத்து, அது சிறியதுதான், ஆனாலும் அந்தக் கிழமைகளில் ஏறிக்கொண்டு போகும். எனக்கு இதை யாரும் முதலில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "மூத்தது தன்னால பிறந்ததுதானே, இதுக்கு என்னத்துக்கு ஊசி" என்று ஊரில் கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லியிருப்பேன், மனதுக்குள் வைத்து அழுதிருக்க மாட்டேன். சீனி வருத்தம், பிரஷர், பிள்ளையின் அசைவு குறைவு, நோவு வராமல் தண்ணிக்குடம் உடைந்தது என்று வேறு காரணங்களுக்கும் மருந்து வைப்பார்கள், அவர்களுக்கு 41 வரை காத்திருக்கவே விடமாட்டார்கள். உங்களுக்கு எந்தக் காரணம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளை சிசேரியன் என்றால் அதைக் கார்டில் இருக்கிறது என்று விடாமல் வாயாலும் சொல்லுங்கள். பழைய தையல் இருக்கிற கருப்பைக்குச் சில மருந்துகள் ஆபத்து.

மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, வாட்டில் சேர்ந்தேன். அப்போது 40 கிழமையும் 5 நாளும். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி சீடிஜி எடுத்தார்கள், ஒன்று பிள்ளையின் இதயத்துடிப்புக்கு, மற்றது கருப்பை இறுகுவதைப் பார்க்க. துடிப்பு நல்லம் என்றார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அன்று முழுக்கக் கட்டிலில் இருந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து வைப்பது என்றால் போன உடனே ஊசி போட்டு, பின்னேரம் பிள்ளையோடு திரும்புவது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். மூத்தவளை ஒரு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அது ஆறு நாளானது. மூத்த பிள்ளை இருக்கிறவர்கள் ஒரு கிழமைக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள், பள்ளிக்கூட உடுப்பு, சாப்பாடு, ராத்திரி யாரோடு படுக்கும் என்பது வரை. என் பிள்ளை மூன்றாம் நாள் போனில் "அம்மா, தம்பி வேணாம், நீங்க வாங்க" என்று அழுததுதான் எனக்கு நோவை விடப் பெரிய நோவாக இருந்தது.

திங்கட்கிழமை காலை உள்ளே கைவைத்துப் பார்த்தார்கள். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெதுமையாகியிருக்கிறது, நீளம் சுருங்கியிருக்கிறதா, எந்தப் பக்கம் பார்க்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இந்த ஐந்தையும் பார்த்துப் புள்ளி போடுவார்களாம். புள்ளி குறைவென்றால் முதலில் கருப்பை வாயைப் பழுக்க வைக்க வேண்டும், அதன் பிறகுதான் நோவு வரவைக்கிற ட்றிப். இது இரண்டு வேறு வேறு வேலை என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. எனக்கு ஒரு விரல் போகிற அளவுதான் திறந்திருந்தது. டொக்டர் சிங்களத்திலும் இங்கிலிஷிலும் கதைத்தார், நேர்ஸ் ஒரு வசனத்தில் "கொஞ்சம் நோகும், பொறுத்துக்கொள்ளுங்க" என்று மட்டும் சொன்னார். தண்ணிக்குடத்தின் சவ்வை விரலால் சுற்றிவரக் கருப்பை வாயில் இருந்து விலக்கிவிட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். கடுமையாக நொந்தது, லேசாக இரத்தமும் சளியும் பட்டது. நான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து மலசலகூடத்தில் நின்று அழுதேன். அந்த இரத்தக் கசிவு வழமையானதுதான். சிவப்பாக ஓடினால், தண்ணீர் போல வழிந்தால், பிள்ளை அசைவது குறைந்தால் உடனே சொல்ல வேண்டும். இதை யாராவது முதலே ஒரு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் போதும்.

அன்று பின்னேரமே தீர்மானித்தேன், இனி யார் என் கட்டிலுக்கு வந்தாலும் மூன்று கேள்வி கேட்பது என்று: இப்ப என்ன செய்யப் போறீங்க, அது எவ்வளவு நேரத்துக்கு, அதுக்குப் பிறகு என்ன. கேட்டபோது யாரும் ஏசவில்லை. ஒரு நேர்ஸ் தங்கச்சி, வயது இருபத்தைந்து இருக்கும், கையுறைப் பெட்டியின் பின்பக்கத்தில் பேனையால் கருப்பையைக் கீறிக் காட்டினாள். அவளுக்கு இன்றைக்கும் நன்றி.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு பலூன் வைத்தார்கள். சலம் எடுக்கப் போடுகிற அதே மெல்லிய ரப்பர் குழாய்தான். அதைக் கருப்பை வாய்க்குள்ளால் விட்டு, நுனியில் இருக்கிற சின்னப் பலூனை ஊசிக்குழாயால் தண்ணீர் விட்டு ஊதுவார்கள். அது உள்ளே இருந்து வாயை அழுத்தி மெல்ல மெல்லத் திறக்கும். வைக்கிற ஐந்து நிமிடம் சங்கடம், குளிர்ந்த இரும்பும் வெளிச்சமும் கூச்சமும்தான். மூச்சை அடக்காமல் வாயால் ஊதிக்கொண்டு, இடுப்பைத் தூக்காமல் கட்டிலில் பாரம் விட்டால் நோவு குறையும். வெளியே தொங்குகிற முனையைக் கொஞ்சம் இழுத்து தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டார்கள். அந்த இரவு முழுக்க அந்தப் பிளாஸ்டர் நடக்கும்போதெல்லாம் தோலை இழுத்து இழுத்துச் சுண்டியது, பலூனை விட அதுதான் ஞாபகம். நடக்கலாம், சாப்பிடலாம், மலசலகூடம் போகலாம். மாதவிலக்கு நோவு மாதிரி அடிவயிறு கனத்துக்கொண்டே இருந்தது. சில பேருக்குப் பலூனுக்குப் பதிலாக உள்ளே குளிசையோ ஜெல்லோ வைப்பார்கள், எதைக் கொடுப்பது என்பது உங்கள் உடம்பையும் முந்தைய பிள்ளைப்பேற்றையும் பார்த்து அவர்கள் எடுக்கிற முடிவு.

புதன் விடிய ஐந்து மணிக்கு, முகம் கழுவக் குனிந்தபோது குழாய் தானாகக் கழன்று தரையில் விழுந்தது. பிள்ளைதான் விழுகிறது என்று நினைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில் அக்கா, ஏறாவூர்ப் பக்கம், ஐந்தாவது பிள்ளைக்கு வந்தவர், ஓடி வந்து, "ஒன்டுமில்ல புள்ள, பலூன் விழுந்தா வாய் திறந்துட்டு எண்டு அர்த்தம், சந்தோசப்படு" என்றார். அப்படித்தான். பார்த்தபோது மூன்று சென்ரிமீற்றர்.

எட்டு மணிக்கு லேபர் றூம். தண்ணிக்குடத்தை உடைத்தார்கள், நோவில்லை, வெதுவெதுப்பாகக் கட்டில் முழுக்க நனைந்தது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து "தெளிவு" என்று எழுதினார்கள். பச்சையாக இருந்தால் பிள்ளை உள்ளே மலம் கழித்திருக்கிறது, அப்போது கூடுதல் கவனம் வேண்டும். ஒன்பது மணிக்கு ட்றிப். உடம்பில் நோவு வர இயற்கையாகச் சுரக்கிற ஒக்சிற்றோசின்தான் அதிலும் இருக்கிறது. மிட்வைஃப் அம்மா கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் போத்தலுக்குப் பக்கத்தில் பிடித்து, உதடு அசைய ஒவ்வொரு துளியாக எண்ணி, சக்கரத்தை மயிரிழை அளவு திருப்பி, மீண்டும் எண்ணினார். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வந்து கொஞ்சம் கூட்டினார்.

நோவைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன், தங்கச்சிக்கும் இதைத்தான் சொன்னேன். மூத்தவளின் நோவு அலை மாதிரி, இது யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே உச்சிக்குப் போய் நின்றது, இடையில் மூச்சு வாங்குகிற நேரம் குறைவு. ஆனால் தாங்க ஏலாது என்பது சரியில்லை, தாங்கினேன். ஒருக்களித்துப் படுத்து, கட்டிலின் கம்பியைப் பிடித்து, நோவு வரும்போது தாடையை இறுக்காமல் "ஊ" என்று நீளமாக ஊதினேன். மல்லாந்து படுப்பதுதான் மிக மோசம், பெல்ட் கட்டியிருந்தாலும் பக்கமாகத் திரும்பலாம், கேட்டுப் பாருங்கள். நோவு குறைய ஊசி கேட்டேன், பிள்ளை கிட்ட வந்துவிட்டால் அந்த ஊசி பிள்ளைக்கு நித்திரை மயக்கத்தைக் கொடுக்கும் என்று போடவில்லை. வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும். இன்னொன்று, பத்து நிமிடத்தில் ஐந்து தடவைக்கு மேல் நோவு வந்தால், இடைவெளியே இல்லாமல் வயிறு கல்லாக நின்றால், வாய் திறந்து சொல்லுங்கள். பிள்ளைக்கு இரத்தம் சரியாகப் போய்ச் சேருவது அந்த இடைவெளியில்தான். ட்றிப்பைக் குறைத்தால் கொஞ்ச நேரத்தில் வேகம் அடங்கும்.

இனி நான் எழுத வந்த விசயம். பதினொரு மணிக்குப் பார்த்தபோது ஐந்து சென்ரிமீற்றர். "பின்னேரம் ரெண்டு மூண்டு மணியாகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டில்களுக்குப் போய்விட்டார்கள், அன்று எல்லாக் கட்டிலிலும் ஆட்கள். பதினொன்று இருபது இருக்கும், திடீரென்று நோவின் குணம் மாறியது. முன்னுக்கு வயிற்றில் இருந்தது கீழே இறங்கி, அவசரமாக மலம் வருகிற மாதிரி அழுத்தியது. முதல் பிள்ளையிலேயே அனுபவித்த உணர்வு, அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் போன ஒருவரிடம், "மிஸ், முக்க வருது" என்று மெதுவாகச் சொன்னேன். "இப்பதானே அஞ்சு, முக்காதீங்க, வாய் வீங்கிரும்" என்று சொல்லி அவர் போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவருக்குத்தானே தெரியும், எனக்கென்ன தெரியும் என்று நினைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, காலை இறுக்கிக்கொண்டு பத்து நிமிடம் கிடந்தேன். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. பிறகு அடக்க முடியாமல் "பிள்ளை வருது" என்று அடித்தொண்டையில் கத்தினேன். துளி எண்ணிய அந்த மிட்வைஃப் அம்மா திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஓடி வந்து துணியைத் தூக்கினார், தலைமயிர் தெரிகிறது. அவர் கையுறை போட்டு முடிப்பதற்குள் அடுத்த நோவு. "ஊது, ஊது, முக்காத, நாய் மாதிரி மூச்சு வாங்கு மகள்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் தலையைப் பிடித்து மெல்ல எடுத்தார். 11.41 க்கு மகன் பிறந்தான், 3.4 கிலோ. உடனே அழுதான்.

அந்த அம்மா வராமல் இருந்திருந்தால்? நான் யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, அன்று அங்கே நின்றவர்கள் ஓய்வில்லாமல் ஓடினார்கள். ஆனால் இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து சென்ரிமீற்றருக்கும் முழுதாகத் திறக்கிற பத்துக்கும் இடையில் ஐந்து மணித்தியாலமும் ஆகலாம், இருபது நிமிடமும் ஆகலாம். ஒரு தடவை திறந்த வாய், அதிலும் தண்ணிக்குடம் உடைந்து ட்றிப் ஓடும்போது, நாட்கணக்கில் அசையாமல் இருந்துவிட்டுக் கடைசியில் ஒரேயடியாகத் திறக்கும். கடைசியாகப் பார்த்த கணக்கு அந்த நேரத்துக் கணக்குத்தான். கீழே அழுத்துகிறது, மலம் வருகிற மாதிரி இருக்கிறது, காலில் நடுக்கம், திடீரென்று வாந்தி என்று எது வந்தாலும் ஒரு தடவை சொல்லி நிறுத்தாதீர்கள். "திரும்பப் பாருங்க" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

நச்சுக்கொடி வந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. கெதியாகப் பிறந்தாலும், நீண்ட நேரம் ட்றிப்பில் இருந்தாலும் கருப்பை களைத்துச் சுருங்காமல் நிற்கும், அதனால் இரத்தம் கூடப் போகும். அரை லீற்றருக்கு மேல் போனால் அதைக் கூடுதல் இரத்தப்போக்கு என்று எடுப்பார்கள், எனக்கு அதைத் தாண்டிவிட்டது. தொடையில் ஊசி, ட்றிப்பில் இன்னும் மருந்து, வயிற்றைக் கையால் அழுத்திப் பிசைந்தார்கள். பிசைவது நோகும், ஆனால் அதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது, கையைத் தட்டிவிடாதீர்கள். வாட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால், தலை சுற்றிக் கண் இருட்டினால் உடனே கூப்பிடுங்கள். உடனே பால் கொடுத்தால் கருப்பையும் சுருங்கும், கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பது அதனால்தான். முதல் பிள்ளையை விட இரண்டாவதுக்கு அந்த இழுவை கூடுதல், இதை எனக்கு யாரும் சொல்லாததால் பயந்து போனேன்.

வெள்ளிக்கிழமை, பிள்ளைக்கு பீசீஜி ஊசி போட்டு, வளர்ச்சிப் பதிவேட்டை எழுதித் தந்து, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். மண்முனைப் பாலத்தால் ஓட்டோ வரும்போது வாவிக் காற்று பிள்ளைக்குப் படாமல் அம்மா சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே வந்தா. வீட்டில் மாமி பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துச் சரக்கான காயமும் பால்சுறா வறையும் செய்து வைத்திருந்தார். ஆமணக்கெண்ணெய் குடிக்காத கோபம் இல்லை. இரத்தம் போனதால் ஆஸ்பத்திரியில் தந்த இரும்புச்சத்துக் குளிசையைப் பத்தியச் சாப்பாட்டோடு விடாமல் போட்டேன், தேத்தண்ணியோடு மட்டும் போடவில்லை, தேத்தண்ணி இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூத்தவள் இரண்டு நாள் என் கிட்டவே வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி வந்து, தம்பியைப் பார்க்காமல், என் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

தங்கச்சி செவ்வாய்க்கிழமை சேருகிறாள். அவளுடைய மகனை நாங்கள் ஞாயிற்றுக்கிழமையே கூட்டி வந்து பழக்குவது என்று பேசியிருக்கிறோம். ஆரம்ப ஸ்கேன் துண்டைத் தேடி எடுத்து கார்டுக்குள் வைக்கச் சொன்னேன், நேற்று ராத்திரி அலுமாரியில் கிடைத்ததாம். நான் சாமான் பேக்கில் நைட்டியும் வெள்ளைத் துணியும் ஃபிளாஸ்க்கும் வைக்கும்போது கார்டின் பின்பக்கத்தில் அந்த மூன்று கேள்வியையும் பென்சிலால் எழுதிவிடப் போகிறேன். நான்காவதாக, "கீழே அழுத்தினால் திரும்பத் திரும்பச் சொல்" என்று எழுதுவேன். ராத்திரி அவசரம் என்றால் 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், அந்த நம்பரை அவள் புருசனின் போனில் நானே போட்டுக் கொடுத்துவிட்டேன்.